டொரன்டோவில் போட்ட வீடியோ, கோத்தகிரியில் கெட்ட பெயர்: எந்த நாட்டுச் சட்டம்?

கேள்வி: வக்கீல் சார், கோத்தகிரி பக்கம் நானும் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறோம். சுற்றுவட்டார விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி, எங்கள் பெயரிலேயே பாக்கெட் போட்டு மேட்டுப்பாளையம், கோவை, சென்னைக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். லண்டனிலும் டொரன்டோவிலும் ஒவ்வொரு தமிழ்க் கடைக்கு மாதம் சில பெட்டிகள் போகும். எட்டு மாதத்துக்கு முன்னால் டொரன்டோவிலிருந்து நடத்தும் ஒரு தமிழ் யூட்யூப் சேனலில், எங்கள் தூளில் சாயம் கலப்பதாக 14 நிமிட வீடியோ வந்தது. எங்கள் போர்டு அதில் தெளிவாகத் தெரிகிறது. லண்டனில் ஒரு தமிழ் இணையப் பத்திரிகை அதை அப்படியே செய்தியாகப் போட்டது. மேட்டுப்பாளையம் வியாபாரி ஆர்டரை நிறுத்திவிட்டார். எங்களுக்கு இலை கொண்டுவரும் பெரியவர் ஒருவர் செல்போனை நீட்டி, "நம்ம எலையிலயா சாயம் போடுறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சேனல்காரர் கோவையிலிருந்து போனவர், அங்கே இன்னும் அவர் பெயரில் ஒரு வீடு இருப்பதாகக் கேள்வி. டொரன்டோவில் இருக்கும் என் தம்பி மகன் அங்கேயே கேஸ் போடச் சொல்கிறான். லண்டன் உறவினர், மானநஷ்டத்துக்கு லண்டன்தான் ராசியான ஊர் என்கிறார். இங்கே விசாரித்தால், வெளிநாட்டுக்காரரை ஒன்றும் பண்ண முடியாது என்கிறார்கள். எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? ஐந்து கோடி கேட்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் ஐந்து கோடியும் டொரன்டோவும் லண்டனும் பெரிதாகத் தெரிகின்றன. எனக்கு அந்தப் பெரியவரின் கேள்விதான் கண்ணில் பட்டது. உங்கள் வழக்கின் ஆணிவேர் அவர்தான்.

அவதூறைப் பொறுத்தவரை, பேசியவர் எங்கே உட்கார்ந்து பேசினார் என்பதோடு விஷயம் முடிவதில்லை. மூன்றாவது மனிதர் ஒருவர் அதைப் பார்த்து, கேட்டு, உங்களைப் பற்றித்தான் என்று புரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் சட்டத்தின் கண்ணில் அது 'வெளியீடு'. உங்கள் எதிரில் நின்று உங்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நஷ்டஈட்டு வழக்கு நிற்காததற்குக் காரணம் இதுதான். சேனல்காரர் டொரன்டோவில் பட்டனை அமுக்கினார். பெரியவர் கோத்தகிரியில் செல்போனில் பார்த்தார். பார்த்த இடத்தில் ஒரு தவறு நடந்திருக்கிறது. அந்தத் தவறுக்கு இந்தியச் சட்டம் செல்லும். அதை விசாரிக்க நம் நீலகிரி கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு.

இது நான் சமாதானத்துக்குச் சொல்வதில்லை. இணைய அவதூறில் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு ஒன்று 2002 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் நிறுவனம் தன் 'பாரன்ஸ்' பத்திரிகையில் மெல்போர்ன் தொழிலதிபர் ஜோசப் குட்னிக்கைப் பற்றி எழுதியது. "எங்கள் சர்வர் நியூ ஜெர்சியில் இருக்கிறது, ஏற்றியதும் அங்கேதான், ஆகவே அமெரிக்கச் சட்டம்தான் செல்லும்" என்று வாதாடியது. நீதிபதிகள் ஏற்கவில்லை. வாசகர் திரையில் இறக்கிப் படிக்கும் இடத்தில்தான் பெயர் கெடுகிறது, குட்னிக்கின் பெயர் விக்டோரியா மாநிலத்தில் கெட்டது, அதனால் விக்டோரியாச் சட்டம் என்றார்கள். பலர் கவனிக்காத ஒன்றும் அந்த வழக்கில் உண்டு. குட்னிக் விக்டோரியாவில் கெட்ட பெயருக்கு மட்டுமே நஷ்டஈடு கேட்டார், வேறெங்கும் வழக்குப் போடமாட்டேன் என்றும் எழுதிக்கொடுத்தார். பணக்காரர்தான், உலகம் முழுக்க வழக்காட வசதியும் இருந்தது. இருந்தும் சொந்த ஊர் வாசலிலேயே நின்றார். நீங்களும் அப்படி நிற்க வேண்டும் என்பதுதான் என் யோசனை.

நம் சட்டத்துக்கு வருவோம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 19, தவறு நடந்த இடத்திலும் வழக்குப் போடலாம், பிரதிவாதி குடியிருக்கும் இடத்திலும் போடலாம், தேர்வு வாதியுடையது என்கிறது. அதற்கு சட்டப் புத்தகமே கொடுக்கும் உதாரணம் அவதூறுதான்: டெல்லியில் குடியிருக்கும் ஒருவர் கல்கத்தாவில் அவதூறை வெளியிட்டால் இரண்டு ஊரில் எங்கேயும் வழக்குப் போடலாம். பிரதிவாதி நாட்டுக்கு வெளியே இருந்தால் பிரிவு 20 கை கொடுக்கும். வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி இங்கே எழுந்திருந்தால் போதும். "வெளிநாட்டுக்காரரை ஒன்றும் பண்ண முடியாது" என்று உங்களிடம் சொன்னவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலிருக்கிறது.

சரி, டொரன்டோவில் பார்த்தவர்கள்? அங்கே கடைக்காரர் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தால், அதற்கும் சேர்த்து இங்கேயே கேட்கலாமா என்றால், அங்கேதான் சிக்கல் ஆரம்பம். வெளிநாட்டில் நடந்த தீங்குக்கு எந்தச் சட்டம் என்று சொல்ல நம்மிடம் தனிச்சட்டம் கிடையாது. பழைய ஆங்கிலேய விதியைத்தான் நம் கோர்ட்டுகள் கையில் வைத்திருக்கின்றன. தவறு நடந்தது வெளியே என்றால், நம் சட்டப்படியும் அது வழக்குக்குரிய தவறாக இருக்க வேண்டும், நடந்த ஊர்ச் சட்டப்படியும் நியாயப்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். இரண்டு சல்லடையிலும் தங்க வேண்டும்.

அந்த விதி பிறந்த கதை கொஞ்சம் கசப்பானது. 1865இல் ஜமைக்காவில் எழுந்த கலகத்தை அங்கிருந்த ஆளுநர் எயர் ரத்தக்களறியாக அடக்கினார். பிலிப்ஸ் என்பவர் இங்கிலாந்தில் அவர் மேல் வழக்குப் போட்டார். ஆளுநர் ஊரை விட்டுப் போகும் முன்பே, அவர் செய்தது எல்லாம் சரி என்று ஜமைக்காவில் சட்டம் போட்டாகிவிட்டது. ஜமைக்காவில் நியாயம் என்று ஆனதால் இங்கிலாந்திலும் வழக்கு நிற்காது என்று 1870இல் தீர்ப்பு வந்தது. ஒரு ஆளுநரைக் காப்பாற்றிய விதி இன்று உங்கள் டீ பாக்கெட் வரைக்கும் வந்து நிற்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? கனடா நஷ்டத்தையும் பிராதில், அதாவது வழக்கு மனுவில், சேர்த்தால், ஒன்டாரியோ சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் இங்கே சாட்சியம் போல நிரூபிக்க வேண்டிவரும். வெளிநாட்டுச் சட்டம் நம் கோர்ட்டுக்கு ஒரு சங்கதி, நிபுணரைக் கொண்டுவந்து நிரூபிக்க வேண்டிய சங்கதி. டொரன்டோ வக்கீல் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து அபிப்பிராயம் வாங்கி, அவரைக் குறுக்கு விசாரணைக்கும் நிறுத்தி, எதற்கு? மாதம் சில பெட்டிக்கு. விட்டுவிடுங்கள். பிராதில் "இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில் கெட்ட பெயருக்கும் இழந்த வியாபாரத்துக்கும்" என்று வரம்பு கட்டி எழுதினால் இரட்டைச் சல்லடை நம் பக்கமே வராது.

தம்பி மகன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஆள் இருக்கும் ஊரில் கேஸ் போட்டால் பணம் வசூலிப்பது சுலபம். அங்கே என்ன காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பத்திரிகை, ஒளிபரப்பு மூலம் வந்த அவதூறு என்றால் ஒன்டாரியோவில், தெரியவந்த ஆறு வாரத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வழக்கும் போட வேண்டும். யூட்யூப் அதில் அடங்குமா என்று முதலில் அங்கே வாதாட வேண்டும். நீங்கள் எட்டு மாதத்தில் நிற்கிறீர்கள். அப்புறம், பொதுநலன் சம்பந்தப்பட்ட பேச்சை வழக்குப் போட்டு அடக்கக் கூடாது என்று 2015இல் அங்கே ஒரு சட்டப்பிரிவு வந்தது. உணவில் கலப்படம் என்பது பொதுநலன் இல்லாமல் வேறென்ன? சேனல்காரர் ஆரம்பத்திலேயே மனுப் போட்டு வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்பார். அவர் ஜெயித்தால் அவருடைய வக்கீல் செலவு முழுவதும் பொதுவாக உங்கள் தலையில் விழும். அந்தக் கணக்கு டாலரில் வரும்.

இன்னொன்று. கனடா கோர்ட்டே, "இந்த வழக்குக்குப் பொருத்தமான இடம் இது கிடையாது" என்று சொல்லிவிடலாம். இஸ்ரேல் பத்திரிகை ஹாரெட்ஸ், டெல் அவிவ் கால்பந்து அணியின் உரிமையாளரான கனடாக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியது. அவர் ஒன்டாரியோவில் வழக்குப் போட்டார். கனடாவில் அதைப் படித்தவர்கள் 200, 300 பேர்தான். 2018இல் கனடா உச்ச நீதிமன்றம், இஸ்ரேலுக்குப் போ என்றது. உங்கள் சேனல்காரர் அங்கேயே குடியிருப்பவர், நிலைமை அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் சாட்சிகள் எல்லாம் கோத்தகிரியிலும் மேட்டுப்பாளையத்திலும் இருக்கிறார்கள். பார்த்த கூட்டத்தில் பெரும்பகுதி தமிழ்நாடு. அதே கேள்வி உங்களையும் நோக்கி வரும்.

லண்டன் ராசியான ஊர் என்பது பழைய பேச்சு. ஒரு காலத்தில் உண்மைதான். ரஷ்யக் கோடீஸ்வரர் பெரெசோவ்ஸ்கி, அமெரிக்கப் பத்திரிகை ஃபோர்ப்ஸ் மேல் லண்டனில் வழக்குப் போட்டார். இங்கிலாந்தில் விற்றது சுமார் 2,000 பிரதிதான், அமெரிக்காவில் லட்சக்கணக்கில். வழக்கு அங்கே நடக்கலாம் என்று, அன்றைக்கு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2000இல் சொன்னது. கூட்டம் கூட்டமாக லண்டனுக்கு ஓடினார்கள். 2013இல் அவதூறுச் சட்டத்தைத் திருத்தி வாசலைச் சுருக்கிவிட்டார்கள். கடுமையான தீங்கு நடந்ததைக் காட்ட வேண்டும், லாபத்துக்காக நடக்கும் நிறுவனம் என்றால் கடுமையான பண நஷ்டத்தையே காட்ட வேண்டும். பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர் மேல் வழக்கென்றால், உலகத்தில் உள்ள எல்லா இடங்களிலும் இங்கிலாந்துதான் மிகப் பொருத்தம் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். அந்த இணையப் பத்திரிகைக்காரர் லண்டனிலேயே இருப்பதால் அந்தப் பிரிவு அவரைக் காப்பாற்றாது. இருந்தாலும் அங்கே ஒரே ஒரு கடை, சில பெட்டி. கடுமையான நஷ்டம் என்று எதைக் காட்டுவீர்கள்? அந்தப் பத்திரிகைக்கு முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம். அடுத்தவர் வீடியோவை நம்பி எடுத்துப்போட்டவர்கள், மறுப்புப் போட்டு நீக்க ஒத்துக்கொள்வது அபூர்வம் ஒன்றும் கிடையாது. எனக்குக் கேட்டால் அவர்களைப் பிரதிவாதியாகச் சேர்ப்பதைவிட, நம் பக்கத்து நியாயத்தைப் போட ஒத்துக்கொள்ள வைப்பது லாபம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். உலகம் முழுக்க இந்த விதிகளைச் சீர்படுத்தும்போதெல்லாம் அவதூறை மட்டும் ஒதுக்கி வைப்பார்கள். இங்கிலாந்து 1995இல் அந்த இரட்டைச் சல்லடையை ஒழித்தது, அவதூறுக்கு மட்டும் விட்டுவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் எல்லை தாண்டிய தீங்குகளுக்குப் பொது விதி எழுதியது, அதிலும் அவதூறை வெளியே தள்ளியது. காரணம், பத்திரிகைக்காரர்களின் பயம். ஒரே கட்டுரைக்கு முப்பது நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எழுத முடியுமா என்று கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். அதனால்தான் இந்தத் துறையில் நேர்கோடாக ஒரு பதில் கிடைக்காது.

சேனல்காரர் அமெரிக்காவில் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். நடிகர் அமிதாப் பச்சனின் தம்பி அஜிதாப் பச்சன் லண்டனில் 'இந்தியா அப்ராட்' பத்திரிகை சம்பந்தமாக 40,000 பவுண்டு தீர்ப்பு வாங்கினார். அதை நியூயார்க்கில் வசூலிக்கப் போனபோது, எங்கள் பேச்சுரிமைக்கு இது ஒத்துவராது என்று 1992இல் அங்குள்ள கோர்ட் மறுத்துவிட்டது. 2010இல் அதை நாடு முழுவதற்குமான சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அமெரிக்க அளவுக்குப் பேச்சுரிமையைக் காக்காத வெளிநாட்டு அவதூறுத் தீர்ப்புக்கு அங்கே பொதுவாக மதிப்பில்லை.

கனடா அப்படி இல்லை. நம் நாட்டுத் தீர்ப்பை நேராக நிறைவேற்ற அவர்களோடு ஏற்பாடு கிடையாது, அதை வைத்து அங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். ஆனால் வழக்குக்கும் நம் கோர்ட்டுக்கும் உண்மையான தொடர்பு இருந்தால் மதிப்பார்கள். 2003இல் முடிந்த ஒரு வழக்கு: ஒன்டாரியோக்காரர்கள் சிலர் ஃப்ளோரிடாவில் 8,000 டாலருக்கு ஒரு மனை விற்றார்கள். தகராறாகி அங்கே வழக்கு வந்தது. உள்ளூர் வக்கீல் பேச்சைக் கேட்டு கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். தீர்ப்புத் தொகை வட்டியோடு எட்டு லட்சம் கனடா டாலரை எட்டியது. கட்டு என்றது கனடா உச்ச நீதிமன்றம். நம் சம்மனைக் குப்பையில் போடலாம் என்று சேனல்காரர் நினைத்தால், அவருடைய வக்கீல் இந்த வழக்கைச் சொல்லிக்கொடுப்பார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிராது என்று நினைக்கிறேன். கோவை வீடு இருக்கிறதே. அது அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். இருந்தால் கோர்ட்டின் தீர்ப்பாணையைக் கோவையிலேயே நிறைவேற்றலாம்.

இனி அவசரமான சமாச்சாரம். 1963ஆம் வருடக் காலவரையறைச் சட்டப்படி அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க வெளியீட்டிலிருந்து ஒரே வருடம். 1830இல் வந்த பத்திரிகையின் பழைய பிரதியை 17 வருடம் கழித்து ஆள் அனுப்பி வாங்க வைத்து, அதைப் புது வெளியீடாகக் காட்டி ஜெயித்த பிரன்ஸ்விக் பிரபுவின் கதையை இணையத்தில் படித்துவிட்டு, "வீடியோ இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்று சிலர் வருவார்கள். இணையப் பதிவுக்கு அந்த வாதத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் ஏற்கவில்லை, முதலில் ஏற்றிய நாளிலிருந்து கணக்கு என்றது. பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலத்தைக் கழித்துக்கொள்ள அதே காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 15இல் இடம் உண்டு. அது கையில் இருக்கும் குடை. மழை வராமல் போனால் நல்லது என்று நினைத்துக்கொண்டு, வருடம் முடிவதற்குள் தாக்கல் செய்வதுதான் புத்தி. 13 மாதம் கழித்து என்னிடம் வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் அதற்கு மேல் என்ன சொல்ல?

கிரிமினல் கேஸ் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, யாராவது தூண்டுவார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356இல் இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. டொரன்டோவில் இருப்பவரை ஊட்டி மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குள் உங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டங்களில் இரண்டு கவாத்து முடிந்துவிடும். வேண்டாம்.

ஐந்து கோடி கேட்கலாம். கோர்ட் கட்டணம் நூற்றுக்கு மூன்று, பதினைந்து லட்சம் முதலில் கட்டுங்கள். நான் சொல்வது, கணக்குப் புத்தகத்தில் காட்ட முடிகிற நஷ்டம், அதன்மேல் பெயருக்காக ஒரு நியாயமான தொகை. உங்களுக்கு உடனடியாக வேண்டியது பணத்தைவிட அந்த வீடியோ இறங்குவது. யூட்யூப் போன்ற தளங்கள் உங்கள் புகாரை மட்டும் வைத்து நீக்கக் கடமைப்பட்டவை கிடையாது. கோர்ட் உத்தரவு வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் சொல்லிவிட்டது. எனவே பிராதோடு இடைக்காலத் தடையுத்தரவு மனுவும் போடுவோம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாபா ராம்தேவ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் எடுத்த நிலைப்படி, இந்தியாவிலிருந்து ஏற்றியதை உலகம் முழுக்க நீக்கச் சொல்லலாம், வெளிநாட்டிலிருந்து ஏற்றியதை இந்தியாவில் தெரியாமல் மறைக்கத்தான் சொல்லலாம். உங்கள் தம்பி மகனுக்கு டொரன்டோவில் வீடியோ தெரிந்துகொண்டேதான் இருக்கும். மேட்டுப்பாளையம் வியாபாரிக்குத் தெரியாது. நமக்கு அது போதும்.

கோபிக்காமல் ஒரு கேள்வி. சாயம் கலக்கவில்லைதானே? இந்த மலையில் கலப்படத் தூள் பிரச்சினை இல்லாத ஒன்று கிடையாது, அதனால்தான் கேட்கிறேன். உண்மை என்று நிரூபிக்கும் பாரம் அவருடையது, ஆனால் நிரூபித்துவிட்டால் எந்த நாட்டுச் சட்டமும் உங்களுக்கு உதவாது. நீங்கள் அனுப்பிய லிங்க்கில் வீடியோவை நானும் பார்த்தேன். வடிதாளில் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, கழுவிப் பார்த்தால் கறை தெரிவதாகக் காட்டுகிறார். சோதனை சரியான சோதனைதான். ஆனால் அவர் தூளைக் கொட்டும்போது பாக்கெட்டின் முதுகுதான் தெரிகிறது, லேபிள் ஒரு நொடி கூடத் திரும்பவில்லை. உங்கள் போர்டு வருவது அதற்கு ஆறு நிமிடம் கழித்து. எந்த பாக்கெட், எங்கே வாங்கினார், எந்த பேட்ச்? அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இவை.

ஆகவே வரும்போது அந்த மாதத்து பேட்ச்களில் நீங்கள் எடுத்துவைத்த சாம்பிள்கள் பிரிக்காமல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவோம். வீடியோவையும் கமெண்ட்டுகளையும் தேதியோடு இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். இறக்கிய கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம், மின்னணு ஆதாரத்துக்குத் தேவையான பாரதிய சாக்ஷ்ய (சாட்சிய) சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழ் அதை வைத்துத்தான் எழுத வேண்டும். மேட்டுப்பாளையம் வியாபாரி ஆர்டரை நிறுத்தி அனுப்பிய வாட்ஸ்அப்பை அவரும் அழிக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். டொரன்டோவுக்கு சம்மன் போக டெல்லி சட்ட அமைச்சகம் வழியாக மாதக்கணக்கில் ஆகும், அதனால் தாக்கலை அடுத்த மாதத்துக்குத் தள்ள முடியாது.

அப்புறம் அந்தப் பெரியவர். கோர்ட் என்றதும் பயப்படுவார். இலை கொண்டுவரும் நாளாகப் பார்த்து நீங்களே போய்ப் பேசுங்கள். அன்றைக்கு உங்களிடம் கேட்ட அதே கேள்வியை, அதே வார்த்தையில், நீதிபதி முன்னால் ஒரு தரம் சொன்னால் போதும் என்று சொல்லுங்கள்.